கள்ளக்குறிச்சியின் கருப்புக் கம்பளி
கையால் நூற்று, கையால் பின்னலாம்!

கம்பளி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் காஷ்மீரம் என்போம். கொஞ்சம் யோசித்து ஊட்டி என்போம். கள்ளக்குறிச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் கள்ளக்குறிச்சிக்கும் கம்பளிக்கும் பழைய உறவு உண்டு!

தமிழ்நாட்டுச் செம்மறி ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பளியே கிடையாது. மேச்சேரி ஆடு, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் ஆடு எல்லாம் நாய்க்கு இருப்பது போலக் குட்டை மயிர் கொண்டவை. அந்த மயிரைத் திரித்தால் நூல் வராது. நூற்கத் தக்க ரோமம் தரும் ஆடுகள் நம்மிடம் முக்கியமாக மூன்று வகைதான்.

ஒன்று நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற சீமை ஆடுகளைக் கலந்து உண்டானது. அதன் ரோமம் மிருதுவானது. இரண்டாவது கோயம்புத்தூர்க் குறும்பை. மூன்றாவது திருச்சிக் கருங்குறும்பை.

இந்த மூன்றாவது ஆடுதான் நம் கதாநாயகன். பெயரில் திருச்சி இருந்தாலும் அது திருச்சியோடு நிற்கவில்லை. பெரம்பலூர், அரியலூர், தர்மபுரிப் பக்கங்களிலும், பழைய தென்னாற்காடு ஜில்லாவின் கள்ளக்குறிச்சி தாலுகாவிலும் மேய்ந்த ஆடு அது. தலை முதல் குளம்பு வரை கருப்பு. உருவத்தில் சிறியது. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வள அமைப்பின் பதிவில் இது தனி இனமாக இடம் பெற்றிருக்கிறது.

இதன் ரோமம் முரடு. அதை மறைப்பதில் பயன் இல்லை. நல்ல மெரினோ ரோமம் நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு பருமன்தான் இருக்கும். கருங்குறும்பையின் ரோமம் அப்படி அல்ல. கழுத்தில் பட்டால் சொறியும். ஒரு ஆட்டில் ஒரு தடவைக்குக் கிடைப்பதும் சில நூறு கிராம்தான்.

ஆனால் அந்த முரட்டு ரோமத்துக்கு ஒரு வேலை இருந்தது. அதுதான் கம்பளி!

மலைக்குளிரும் கம்பளியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே சால்வை தேவைப்படும். மார்கழி, தை மாதங்களில் பொழுது விடிந்தும் பனி விலகாது.

இந்த மலைக் குளிரில் ஏழை மனிதனுக்கு மேல்கோட்டாக இருந்தது கம்பளிதான். எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909-ல் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய பெரிய நூலில், பக்கத்துச் சேர்வராயன் மலை மலையாளிகள் தலைப்பாகையும் பழுப்புக் கம்பளியுமாக இருப்பதை எழுதியிருக்கிறார். (மலையாளி என்றால் இங்கே கேரளத்தவர் அல்ல, மலையை ஆளும் மலைவாசிகள். கல்வராயனிலும் அவர்கள்தான் குடிகள்.)

கம்பளி என்ன செய்யாது? மழை பெய்தால் கூடாரம். படுத்தால் பாய். தானியம் கொட்டினால் விரிப்பு. குழந்தைக்குத் தொட்டில். இடையனுக்கு வீடே அதுதான். ஈரம் கொஞ்சம் ஏறினாலும் கம்பளி சூடு விடாது. பருத்தித் துணி நனைந்தால் உடம்பைச் சில்லிட வைத்துவிடும்.

ஆடு வளர்த்தவர்களும் கம்பளி நெய்தவர்களும் குறும்பர்கள். ஆட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பெயர் பாருங்கள்! தக்காணம் முழுவதும், அதாவது கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வரை, இந்தத் தொழில் ஒரே மாதிரிதான் நடந்தது. ரோமத்தைக் கத்தரித்து, வில்லால் அடித்து, கதிரில் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குழித் தறியில் நெய்தார்கள்.

இன்று?

இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் போர்வை வந்துவிட்டது. பானிப்பட்டில் பழைய துணியை அரைத்து நூலாக்கிச் செய்யும் போர்வை வந்துவிட்டது. அவை மலிவு, எடையும் குறைவு. சந்தையில் கம்பளி தோற்றது. ரோமத்தை விற்கும் பணம் கத்தரிக்கும் கூலிக்குக் காணாது என்ற நிலைமை வந்ததும் தென்னாட்டின் பல இடங்களில் ரோமம் குப்பைக்குப் போயிற்று. நம் நாடோ ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஜிலாந்திலிருந்தும் கம்பளி ரோமத்தை இறக்குமதி செய்கிறது!

ரோமத்துக்கு விலை இல்லை. கறிக்கு விலை உண்டு. ஆகையால் ஆடு வளர்ப்பவர் எடை கூடும் ஆட்டைத் தேடுகிறார். அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் வயிற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் கருங்குறும்பைக் கிடாவின் இடத்தில் வேறு கிடா வந்து இரண்டு மூன்று தலைமுறை கலந்துவிட்டால், கருங்குறும்பை பிறகு புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். வறண்ட காட்டில் பட்டினி தாங்கி வாழ்ந்து பழகிய ஆடு அது. போனால் கடையில் வாங்க முடியாது.

ஆட்டோடு கூடவே ஒரு கைவேலையும் போகிறது. கதிரைச் சுழற்றி ரோமத்தை நூலாக்கும் வேலை.

நூல் என்றால் இரண்டு

தமிழில் நூல் என்றால் பஞ்சில் இழைப்பதும் நூல், படிப்பதும் நூல். புலவர் சொல்லை இழைக்கிறார். பெண் பஞ்சை இழைக்கிறாள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த மக்களுக்கு நூற்பு எவ்வளவு பழகிய காரியமாக இருந்திருக்க வேண்டும்! துணையில்லாத பெண்கள் நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன.

காந்தியடிகள் காலத்தில் நூற்பு மறுபடி வீட்டுக்கு வந்தது. 1924-ல் காங்கிரஸ், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று வைத்தது. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-ல் கிராமத்தில் ஓடக்கூடிய நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்து லட்சம்!

பின்னாளில் நாடெங்கும் பரவிய அம்பர் சர்க்காவைச் செய்தவர் ஒரு தமிழர். ஏகாம்பரநாதன் என்ற பெயரின் நடுவிலிருந்துதான் அம்பர் வந்தது. வடக்கே இந்தப் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அறுபது, எழுபது வயதான பெரியவர் வீட்டில் இருந்தால் தக்ளி பற்றிக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றியவர்கள் உண்டு. நூல் அறுந்ததும், வாத்தியார் குட்டியதும் சேர்ந்து நினைவுக்கு வரும். பென்சில் போன்ற மெல்லிய கம்பி, அடியில் ஒரு வட்டத் தகடு, உச்சியில் கொக்கி. தக்ளி அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சட்டைப் பையில் கொண்டு போகலாம்.

ரோமம் நூலாகும் விதம்

பருத்தியைவிட ஆட்டு ரோமம் நூற்கச் சுலபம். இது பலருக்குத் தெரியாது. பருத்தி இழை ஓர் அங்குலத்தை ஒட்டிய நீளம்தான். அதனால் முறுக்கு நிறைய வேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் பிரிந்துவிடும். ரோமம் நீளமானது. அதன் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக் கொள்ளும்.

முதலில் ரோமத்தில் உள்ள முள், புழுக்கை, வைக்கோல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, அதில் ரோமத்தை அமுக்கி வையுங்கள். துணி துவைப்பது போலக் கசக்கக் கூடாது. கசக்கினால் செதில்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக் கொண்டு ரோமம் கட்டியாகிவிடும். அதை எந்த மந்திரத்தாலும் பிரிக்க முடியாது. அழுக்குத் தண்ணீரை வடித்து, மறுபடி அதே சூட்டுத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்ததை விரலால் பிய்த்து மேகம் போல ஆக்க வேண்டும். பிறகு சீவ வேண்டும். பழைய காலத்தில் இதற்கு வில். இன்று நாய்க்கு மயிர் வாரும் கம்பிப் பிரஷ் இரண்டு கிடைத்தால் போதும். ஒன்றில் ரோமத்தை வைத்து மற்றதால் வாரி, சுருட்டி எடுத்தால் பட்டை தயார்.

கதிருக்கு எங்கே போவது? ஒரு சாண் மூங்கில் குச்சி, அதன் அடியில் பாரத்துக்கு வட்டமாகத் தேய்த்த தேங்காய் ஓடு. பாட்டுக் கேட்டு முடித்த பழைய குறுந்தகடு இரண்டை ஒட்டிக் குச்சியில் செருகினாலும் அருமையாகச் சுற்றும். சீமையில் பொழுதுபோக்காக நூற்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. இங்கே மரச் சிற்பம் செதுக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுவாமி சிலை செய்யும் கைக்கு ஒரு கதிர் செய்வது பெரிய காரியமா?

பட்டையின் நுனியைக் கதிரில் கட்டிய பழைய நூலோடு சேர்த்துப் பிடியுங்கள். கதிரைப் பம்பரம் போலச் சுண்டி விடுங்கள். முறுக்கு மேலே ஏறி வரும். இடது கை மேலே பட்டையைப் பிடிக்க, வலது கை கொஞ்சம் கொஞ்சமாக ரோமத்தை இழுத்துக் கொடுக்க வேண்டும். இழுத்த பிறகு முறுக்கு ஏற வேண்டும். முறுக்கு ஏறிய பிறகு இழுக்கக் கூடாது. இந்த ஒன்று கைக்குப் பழகிவிட்டால் நூற்பில் பாதி வந்துவிட்டது.

முதல் நாள் வரும் நூல் ஓர் இடத்தில் கயிறு, ஓர் இடத்தில் சிலந்தி இழை. கதிர் பத்துத் தடவை கீழே விழும். கவலை வேண்டாம். ஒரு வாரம் தினம் அரை மணி சுற்றினால் நூல் சமமாகும். குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. லடாக்கிலும் இமாசலப் பிரதேசத்திலும் ஆண்கள் ஆடு மேய்த்துக் கொண்டே கதிர் சுற்றுவார்கள்.

பனியனும் பின்னல்தான்

நூல் வந்தது. தறி இல்லையே? தறி வேண்டாம், இரண்டு குச்சி போதும்!

நெசவில் பாவு ஒன்று, ஊடை ஒன்று. பின்னலில் ஒரே நூல்தான். அந்த ஒரு நூலே கண்ணி கண்ணியாகத் தன்னைத் தானே கோத்துக் கொண்டு துணியாகிறது. நீங்கள் போட்டிருக்கும் பனியனை இழுத்துப் பாருங்கள். அது நீளும், வேட்டி நீளாது. பனியன் பின்னல், வேட்டி நெசவு. திருப்பூரில் இயந்திரம் ஆயிரக்கணக்கான ஊசிகளால் செய்வதை நாம் இரண்டு ஊசியால் செய்கிறோம். கதர் இயக்க நாட்களில் திருப்பூரே கைநூலுக்குப் பெரிய கேந்திரமாக இருந்தது என்பது ஒரு வேடிக்கை.

ஊசி கடையில் கிடைக்கும். கிடைக்காத ஊரில் சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கிப் பின்னிய தாய்மார்கள் உண்டு. தடித்த கைநூலுக்குக் கம்பி போதாது. கல்வராயன் மூங்கிலைச் சீவி, மணல்தாளில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினால் வழவழவென்று இருக்கும்.

பின்னுவதற்கு முன் ஒரு முக்கிய வேலை. ஒற்றை நூலால் பின்னினால் துணி ஒரு பக்கமாகக் கோணிக் கொண்டு போகும். நூலில் ஏறிய முறுக்கு அவிழப் பார்ப்பதுதான் காரணம். ஆகவே இரண்டு நூலைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்ப் பக்கமாகக் கதிரைச் சுழற்றி முறுக்க வேண்டும். ஒரு முறுக்கு மற்றதைச் சமன் செய்துவிடும். பிறகு சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறப் போட்டுத் தொங்கவிடுங்கள். உலர்ந்த சிட்டம் சுருளாமல் நேராகத் தொங்கினால் நூல் சரி. சுருண்டு கொண்டால் முறுக்குக் கூடியோ குறைந்தோ இருக்கிறது.

நூலைப் போல சேலை என்பது பின்னலுக்கும் பொருந்தும்!

கருப்புக் கம்பளியில் என்ன பின்னலாம்? முதலில் என்ன பின்னக் கூடாது என்று சொல்கிறேன். குழந்தைக்குக் குல்லாய் பின்னாதீர்கள். அழுதுவிடும். உடம்பில் ஒட்டும் எதுவும் வேண்டாம்.

அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி பின்னுங்கள். இதைவிடப் பொருத்தமான காரியம் இல்லை. கம்பளி லேசில் தீப்பிடிக்காது. பிடித்தாலும் கருகுமே தவிர உருகாது. நைலான், பாலியெஸ்டர் துணி உருகிக் கையில் ஒட்டிக் கொள்ளும். சமையற்கட்டில் இந்த வித்தியாசம் பெரிது. பிறகு நாற்காலி மெத்தை, கால்மிதி, வெந்நீர்ப் பாத்திர உறை, காய்கறிப் பை. கறுப்புக்குச் சாயமே வேண்டாம். சாயம் போகுமே என்ற பயமும் இல்லை.

பெரிதாக ஒரு பை பின்னி, அதை வேண்டுமென்றே வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அது சுருங்கித் தடித்துவிடும். முன்பு கூடாது என்று சொன்னேனே, அதே காரியம்தான்! கண்ணிகள் மறைந்து தோல் போல ஆகும். வீட்டுச் செருப்புக்கு நல்ல அடித்தட்டு.

குழந்தைக்குப் பருத்தி

மிருதுவாக வேண்டும் என்பவர்களுக்குப் பருத்தி இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்தில் பருத்தி விளைகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் நடக்கிறது. அங்கே மூட்டை மூட்டையாகப் பஞ்சு. நமக்கு வேண்டியது ஒரு படி. கொட்டையைக் கையாலேயே பிரித்துவிடலாம்.

பருத்திக்குக் கனமான கதிர் ஆகாது. லேசான தக்ளியைக் கிண்ணத்தில் நிறுத்திச் சுற்ற வேண்டும். தக்ளியில் பழகிய கைக்கு மணிக்கு 150, 200 கஜம் வரும். பழைய கதர்க் கணக்கில் ஒரு சிட்டம் என்பது 4 அடி வீதம் 640 சுற்று. ஏறக்குறைய 853 கஜம். ஆக ஒரு சிட்டத்துக்கு நாலு முதல் ஆறு மணி நேரம். குழந்தைக் குல்லாய்க்கு நூலைப் பல மடங்காகச் சேர்த்து முறுக்க வேண்டியிருக்கும். ஒரு குல்லாய்க்கு நூற்பு மட்டும் ஒரு வாரச் சாயங்காலங்களை எடுத்துக் கொள்ளும். ஆட்டு ரோமத்தில் அதே அளவு துணிக்கு இரண்டு மூன்று சாயங்காலம் போதும்.

சாயத்துக்கு மலை இருக்கிறது. கல்வராயன் மலைவாசிகள் சேகரிக்கும் காட்டுப் பொருள்களில் கடுக்காய் முக்கியமானது. கடுக்காய்ப் பொடி ஊறிய நீரில் பருத்தி நூலை ஊறவைத்தால் வெளிர் மஞ்சள். வெல்லக் கரைசலில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு, அந்த நீரில் இதே நூலைத் தோய்த்தால் சாம்பல் நிறமோ கருப்போ வரும். கலம்காரி வேலைக்காரர்களின் கருப்பு இந்த முறையில் வருவதுதான்.

இதில் காசு வருமா?

வராது. அப்படிச் சொல்லி ஆசை காட்டுவது தர்மம் அல்ல. நாலு மணி நேரம் நூற்று, மூன்று மணி நேரம் பின்னிய பிடிதுணிக்குச் சந்தையில் கூலி கட்டாது. பிழைப்புக்காக நூற்ற பெண்களின் கஷ்டம் பெரிது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். இது பொழுதுபோக்கு. பிழைப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கால் வேறொருவருக்குக் காசு வரலாம். ரோமத்தைக் குப்பையில் கொட்டும் ஆட்டுக்காரருக்கு! கருப்பு ரோமத்தைக் கேட்டு வாங்க ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், கருங்குறும்பைக் கிடாவை விற்காமல் வைத்திருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். பத்துப் பேரால் ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். தனியாக முடியாது. அரசாங்கப் பண்ணையும் கால்நடைத் துறையும் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை அவர் கிடாவை வைத்திருக்க வேண்டுமே!

ஆகையால் ரோமத்தை இனாமாகக் கேட்காதீர்கள். கத்தரிக்கும் கூலிக்கு மேல் ஏதாவது வைத்துக் கொடுங்கள். பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிப்பார்கள். எப்போது என்று முன்னதாகவே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். கத்தரிக்கும் அன்றைக்கே போனால் முதுகு ரோமத்தைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். வயிற்று ரோமமும் கால் ரோமமும் அழுக்கும் குட்டையுமாக இருக்கும்; நூற்க உதவாது. அதையும் வீணாக்க வேண்டாம். தென்னை மரத்தின் அடியில் புதைத்தால் மெதுவாக மக்கி உரமாகும். போகும்போது காற்றுப் போகும் சணல் சாக்கு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் வியர்த்து ரோமம் நாறிவிடும்.